ஒரு சுற்றுக்கு ஒரு டிக்

போன மாதம் நொயெமி தொலைபேசி எடுத்தாள். நான் வேலை பார்த்த இசைத்தட்டுத் தொழிற்சாலையில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்தவள் அவள்.

"பத்மா, இங்கே புது மென்பொருள் ஒன்று போட்டிருக்கிறார்கள். தட்டில் பிசகான சத்தம் எங்கே இருக்கிறது என்று தானாகவே கண்டுபிடிக்கும். அந்த இத்தாலிக் குழுவின் முதல் தட்டை மறுபடி அச்சடிக்கிறோம். இது அதைத் திரும்பத் திரும்பத் தள்ளிவிடுகிறது. இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. ஒரு சுற்றுக்கு ஒரு டிக். எனக்கும் கேட்கிறது. ஆனால் முதல்முறை நீயும் ஜினெத்தும் அதைச் சரி என்று விட்டிருக்கிறீர்களே?"

"தெரிந்துதான் விட்டோம்," என்றேன்.

"ஏன்?"

சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவளை யாரோ கூப்பிட, "பிறகு எடுக்கிறேன்" என்று ஓடிவிட்டாள். அவளிடம் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

என்ன வேலை என்று யாராவது கேட்டால், "பாட்டுக் கேக்கிறது" என்பேன். மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் கட்டடத்து ஆட்கள் சிரிப்பார்கள். "அதுக்குச் சம்பளமும் தருவினமோ?" என்று பக்கத்து வீட்டு ராணியக்கா ஒருநாள் உண்மையாகவே கேட்டா. தருவார்கள். ஆயிரக்கணக்கில் அச்சடிப்பதற்கு முன் சில சோதனைத் தட்டுகளை மட்டும் அடித்து, யாராவது ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை கேட்டு, "இதில் பிழை இல்லை" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் இயந்திரம் ஓடும். அந்த யாராவது ஒருவராக நான் பல வருடம் இருந்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து மொன்றியலுக்கு வந்ததும் எல்லாரையும் போல ஷபனெல் தெருவில் உடுப்புத் தைத்தேன். அந்தத் தொழிற்சாலை மூடியதும் இசைத்தட்டுத் தொழிற்சாலையில் உறை போடும் மேசைக்குப் போனேன். ஒருநாள் கேட்கும் அறையின் தலைவி ஜினெத் என் மேசைக்கு வந்து நின்றார். ஒல்லியான கியூபெக்காரப் பெண்மணி. தலைமயிரைப் பென்சிலால் செருகிக் கட்டியிருப்பார்.

"உனக்கு இசை பிடிக்குமா?" என்றார்.

பொய் சொல்லத் தெரியவில்லை. "பெரிதாக இல்லை, மடாம்."

"நல்லது. நாளையிலிருந்து என்னோடு வா. இசை பிடித்தவர்கள் பாட்டைக் கேட்பார்கள். எனக்குத் தட்டைக் கேட்கிற ஆள் வேண்டும்."

அவரிடம் படித்தது இவ்வளவுதான்: முதலில் பருத்திக் கையுறை போடு. தட்டை விளிம்பில் பிடித்து, விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார். கீறல், குமிழ், மங்கல் எல்லாம் அப்போதே தெரியும். பிறகு ஹெட்போன் போட்டுக் கேள். கேட்டதை அப்படியே எழுது. "மோசம்", "நன்று" என்ற சொற்களை எழுதாதே. "இந்தப் பாட்டில், இந்த இடத்தில், எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல" என்று எழுது. இரண்டு பேரும் தனித்தனியாகக் கேட்டு முடிக்கும் வரைக்கும் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. பேசினால், ஒருவர் கேட்டது மற்றவர் காதுக்குள் போய்விடும்.

ஜினெத் கேட்கும் முறை விசித்திரமானது. தட்டு முழுவதையும் ஒருமுறை கேட்பார். பிறகு ஹெட்போனைத் தலையில் திருப்பிப் போட்டுக்கொண்டு, இடப்பக்கம் வலப்பக்கமாக, முதலிலிருந்து மறுபடி கேட்பார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவருக்கு இடது காது முற்றாகப் போய்விட்டது. ஒரே காதால் இரண்டு பக்கத்தையும் கேட்க இதுதான் வழி. அதை அவர் யாருக்கும் மறைத்ததில்லை. புதிதாக வருகிறவர்களிடம், "என்னோடு பேச வேண்டுமென்றால் இந்தப் பக்கம் நில்" என்று வலது தோளைத் தட்டிக் காட்டுவார்.

இனி இத்தாலித் தட்டு.

அது ஓகஸ்ட் மாதம். அச்சு மண்டபத்தில் சூடு தாங்க முடியாமல் பின்கதவுகளைத் திறந்து வைத்திருந்தார்கள். இங்கே மொன்றியலில், சென்-லெயொனாரில் வளர்ந்த இத்தாலியர் மாசிமோ என்பவர் சிறிய இசை நிறுவனம் ஒன்று நடத்திவந்தார். அவர் கொண்டுவந்த வேலை அது. குழுவின் பெயர் வியா மூத்தா. இத்தாலியின் வடக்கே ஏதோ தொழிற்சாலைப் பட்டினத்து மூன்று இளம் ஆட்கள். லிவியா பாடுகிறவள், ரென்சோ கிற்றார், துல்லியோ பேஸ் கிற்றார். மேளத்துக்கு ஆள் இல்லை, தாள இயந்திரம் மட்டும். டார்க் வேவ், போஸ்ட்-பங்க் என்று அந்த வகைக்குப் பெயர் சொன்னார் மாசிமோ. எனக்கு அந்தப் பெயர்களில் ஒன்றும் விளங்கவில்லை. கேட்டபோது, குளிர்காலத்தில் வெறுமையான கட்டடம் ஒன்றின் படிக்கட்டில் நின்று யாரோ கீழ்த்தளத்து ஆளோடு கதைப்பதுபோல இருந்தது. பேஸ் முன்னால் நடக்கும், கிற்றார் தூரத்தில் மினுங்கும், அந்தப் பெண்ணின் குரல் கோபமும் இல்லாமல் அழுகையும் இல்லாமல் நேராக வரும். முதல் தடவையே, இது என்னவோ என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இரண்டாம் பக்கம் மூன்றாவது பாட்டில், நடுவில், தாள இயந்திரம் நின்றுவிடும். பேஸும் குரலும் மட்டும் தனியே போகும். அந்த இடத்தில்தான் கேட்டது. டிக். பிறகு ஒரு டிக். நகத்தால் கண்ணாடியைத் தொட்டதுபோல, மிக மெல்லியதாக. தட்டு ஒருமுறை சுற்றிவர, ஒருமுறை.

சுற்றுக்கு ஒருமுறை வந்தால் அது தட்டின் பிழை. எங்கள் தொழிலில் முதல் பாடமே அதுதான். தட்டில் ஓரிடத்தில் கீறல் இருந்தால், சுற்றிவரும் ஒவ்வொரு முறையும் ஊசி அதில் இடறும். அப்படியே எழுதினேன். ஜினெத்தும் தனியாகக் கேட்டு அதையே எழுதியிருந்தார். ஆனால் விளக்கின் கீழே எப்படிச் சாய்த்துப் பார்த்தாலும் தட்டில் ஒரு மயிரிழையும் இல்லை.

அச்சு இயந்திரத்தை நிறுத்தச் சொன்னோம். அந்த இயந்திரம் சிவம் அண்ணையின் பொறுப்பு. புறநகர் பியர்பொன்ட்ஸிலிருந்து விடியவே வந்து, இயந்திரத்தைத் துடைத்து, விபூதி பூசாத குறையாக வைத்திருப்பவர். கேட்கும் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்ன பத்மா, என்ர மெசினிலை பிழையெண்டு சொல்லிப்போட்டியளாம்?"

"மெசின் எண்டு சொல்லேல்லை, அண்ணை. தட்டிலை டிக் ஒண்டு கேக்குது எண்டுதான் சொன்னனாங்கள்."

"தட்டு எதுக்குள்ளாலை வருது? என்ர மெசினுக்குள்ளாலைதானே? அச்சுத்தகட்டைக் கழட்டிப் பார்த்திட்டன். தூசிகூட இல்லை. வேணுமெண்டால் மற்ற மெசினிலை போட்டு அடிச்சுப் பாருங்கோ."

மற்ற இயந்திரத்தில் போட்டு அடித்தார்கள். அதே இடத்தில் அதே டிக். சிவம் அண்ணை கையைக் கட்டிக்கொண்டு, "இப்ப என்ன சொல்லுறியள்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வழக்கமாக வாடிக்கையாளர்கள் பாட்டைக் கணினிக் கோப்பாகவும் அனுப்புவார்கள். ஒப்பிட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். இவர்கள் பழைய முறையில் நாடாவில் பதிந்து, உலோகத் தகட்டையும் அங்கேயே செய்து அனுப்பியிருந்தார்கள். நாடா இத்தாலியில் ஒலிப்பதிவுக்காரரின் அலுமாரிக்குள். ஒலிப்பதிவுக்காரர் கடற்கரையில். ஓகஸ்டில் இத்தாலியில் யாரையும் பிடிக்க முடியாது என்று மாசிமோ தலையில் கைவைத்தார். குழுவுக்கு எழுதிக் கேட்டார். "அந்த இடத்தில் தாளமே இல்லை, டிக் என்று எதுவும் நாங்கள் வைக்கவில்லை, அது உங்கள் தட்டின் கோளாறு" என்று பதில் வந்தது.

அடுத்த கிழமை குழு மொன்றியலுக்கு வருகிறது. தட்டு வெளியீட்டுக்கென்றே மைல் எண்டில் ஒரு மண்டபம் எடுத்திருந்தார் மாசிமோ. கடல் கடந்து அவர்கள் பாடப்போகிற முதல் மேடை அது. தகட்டில் பிழை என்று நாங்கள் சொன்னால், எல்லாம் இத்தாலியில் மறுபடி செய்யவேண்டும். தட்டு இல்லாத வெளியீடாகிவிடும். பிழை இல்லை என்று சொன்னால், முதல் தட்டிலேயே காரணம் தெரியாத ஒரு சத்தத்தோடு அவர்களுடைய பெயர் போகும்.

எனக்கு அந்த டிக் தலைக்குள் இருந்து இறங்க மறுத்தது. பயமோ கவலையோ இல்லை, என்னவென்று தெரிந்துகொள்ளும் ஆசை. மறுநாள் ஒரு வேலை செய்தேன். தட்டின் நடுவில் இருக்கும் தாளில் சின்னச் சிவப்பு ஒட்டுப்பொட்டு ஒன்றை ஒட்டி, டிக் கேட்கும் கணத்தில் பொட்டு எங்கே வருகிறது என்று கண்ணால் பார்த்தேன். முதல் டிக்கில் பொட்டு ஊசிக்கு நேரே இருந்தது. அடுத்ததிலும் நேரேதான். ஆனால் அந்தப் பகுதி முடியும்போது பொட்டு கட்டைவிரல் அகலம் தள்ளிப் போயிருந்தது.

ஜினெத்தைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் பார்த்தார்.

"நகர்கிறது," என்றார்.

"ஓர் இடத்துக் கீறல் நகருமா, மடாம்?"

"நகராது." பென்சிலைத் தலையிலிருந்து உருவி மேசையில் தட்டினார். பேஸின் தாளத்துக்கு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று. பிறகு சிரித்தார். "பார், இவர்களுடைய பாட்டில் ஒரு தாளச்சுற்று முடிய ஆகும் நேரமும், தட்டு ஒருமுறை சுற்ற ஆகும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. மயிரிழைதான் வித்தியாசம். டிக் தட்டோடு வரவில்லை. தாளத்தோடு வருகிறது. இது பாட்டுக்குள் இருக்கிறது."

சிவம் அண்ணைக்கு முதலில் போய்ச் சொன்னேன். "அதைத்தானே நான் முதலே சொன்னனான்," என்றார். பிறகு, "அப்ப அது என்ன சத்தம்?" என்று கேட்டார். அவருக்கும் ஆசை பிடித்துவிட்டது.

என்ன சத்தம் என்பதுதான் தெரியவில்லை. அந்தப் பகுதியை எத்தனை தடவை கேட்டேனோ. ஒன்றை மட்டும் கவனித்தேன். அந்தப் பெண் மூச்சு இழுப்பது எங்கெல்லாம் கேட்கிறதோ அங்கெல்லாம் டிக் இருக்கிறது. அவளுடைய குரல் இல்லாமல் பேஸ் மட்டும் போகிற இடத்தில் இல்லை. அப்படியென்றால் அது அவளுடைய மைக்குக்குள் போன சத்தம். அவளுக்குப் பக்கத்தில், பாடும்போது, ஏதோ ஒன்று டிக் என்றிருக்கிறது.

"அவர்கள் வரட்டும்," என்றார் ஜினெத்.

வந்தார்கள். மூன்று பேரும் கறுப்பு உடுப்பு. அந்த வெயிலிலும் லிவியா நீளக்கைச் சட்டை போட்டிருந்தாள். அவளுக்குப் பிரெஞ்சு ஓரளவு வரும், மற்ற இருவருக்கும் மாசிமோ மொழிபெயர்த்தார். ரென்சோ வாசலிலேயே தொடங்கிவிட்டான்.

"எங்கள் பாட்டில் டிக் இல்லை. நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்."

"பெரிய ஸ்பீக்கரில் கேட்டிருப்பாய்," என்றார் ஜினெத். "இங்கே உட்கார்ந்து கேள்."

ஹெட்போனைப் போட்டான். அந்த இடம் வந்ததும் அவனுடைய முகம் மாறியது. ஹெட்போனைத் துல்லியோவிடம் கொடுத்தான். துல்லியோ கேட்டுவிட்டு, தாளம் சொல்லும் டிக்போல இருக்கிறது என்றான். பாடுகிறவர்கள் தாளம் தவறாமல் இருக்க, பதிவின்போது ஹெட்போனுக்குள் டிக், டிக் என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். சுற்றின் முதல் அடிக்கு அது சற்று உரத்து விழும். அது பாடுகிறவருக்கு மட்டும்தான். வெளியே வரக்கூடாது.

"வெளியே வரக்கூடிய அளவுக்கு யார் அவ்வளவு சத்தமாக வைப்பார்கள்?" என்றான் ரென்சோ. "வைத்தாலும் காது பொத்தியிருக்குமே."

அடுத்து லிவியா ஹெட்போனை வாங்கிப் போட்டாள். போடும்போது, யோசிக்காமல், இடது பக்கத்துக் கிண்ணத்தைக் காதிலிருந்து தள்ளி, பின்னால் மயிருக்குள் விட்டாள்.

ஜினெத் அதைப் பார்த்தார். நான் ஜினெத் பார்த்ததைப் பார்த்தேன்.

ஜினெத் எழுந்து, மாசிமோவிடம், "அச்சு இயந்திரம் ஓடுவதை இந்தப் பையன்கள் பார்க்கட்டும்" என்றார். நான் கதவைத் திறந்து சிவம் அண்ணையைக் கூப்பிட்டேன். "வாங்கோ தம்பிமார், வாங்கோ," என்று தமிழிலேயே சொல்லி, இருவரையும் மாசிமோவையும் தோளில் தட்டிக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு சொல் விளங்காமலேயே போனார்கள்.

கதவு சாத்தியது. ஜினெத் இன்னொரு ஹெட்போனை எடுத்துத் தலையில் போட்டார். பிறகு அதைக் கழற்றி, திருப்பிப் போட்டார். இடம் வலமாக. லிவியாவைப் பார்த்தபடியே, மெதுவாக.

லிவியாவின் கண் கலங்கியது.

"எந்த வயதில்?" என்று கேட்டார் ஜினெத்.

"ஆறு. எனக்கு நினைவே இல்லை, இரண்டு காதால் கேட்டது."

"எனக்கு எட்டு. அவர்களுக்குத் தெரியுமா?"

இல்லையென்று தலையை ஆட்டினாள். முன்பு வேறொரு குழுவில் இருந்தாளாம். தெரிந்ததும், மேடையில் நீ தாளம் தவறினால் என்ன செய்வது என்று கேட்டு, அடுத்த வாரமே வேறு ஆள் பார்த்துக்கொண்டார்களாம். அதனால் இவர்களிடம் சொல்லவில்லை. பதிவின்போது இடது கிண்ணத்தால் என்ன பயன் என்று காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டிருக்கிறாள். அது திறந்தபடி டிக், டிக் என்று மைக்குக்குள் கத்திக்கொண்டு இருந்திருக்கிறது. அவளுக்குக் கேட்க வழியே இல்லை.

"மறுபடி போடுங்கள்," என்றாள் என்னிடம்.

போட்டேன். வலது காதில் கையை வைத்து, கண்ணை மூடிக் கேட்டாள். அவள் அழப்போகிறாள் என்று நான் நினைத்தேன். அவளுடைய வாய் மெல்லச் சிரிப்பாக விரிந்தது.

"என்னுடைய இந்தப் பக்கம் எவ்வளவு சத்தமாக இருந்திருக்கிறது!" என்றாள், இடது பக்கத்தைத் தொட்டபடி. வேறொரு ஊரிலிருந்து வந்த செய்தியைக் கேட்கிறவள்போல இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

ஜினெத் என் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்கிறாய்?"

என்னிடம் அவர் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் லிவியாவிடம் சொன்னேன்: "தட்டில் பிழை இல்லை என்று எங்களால் எழுத முடியும். அது உண்மை. ஆனால் இந்தச் சத்தம் பாட்டில் இருக்கலாமா, கூடாதா என்பதை நாங்கள் சொல்ல முடியாது. நீதான் சொல்ல வேண்டும். இருக்கட்டும் என்று சொன்னால், அது என்ன என்று அவர்கள் கேட்பார்கள்."

லிவியா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். பிறகு தானே எழுந்து போய்க் கதவைத் திறந்து, அச்சு மண்டபத்துச் சத்தத்துக்கு மேலே இரண்டு பேரையும் கத்திக் கூப்பிட்டாள்.

இத்தாலிய மொழியில் சொன்னாள். நீளமாகச் சொல்லவில்லை. இடது காதைத் தொட்டுக் காட்டினாள், தட்டைக் காட்டினாள். துல்லியோ வந்து அவளைக் கட்டிக்கொண்டான். ரென்சோ கோபமாக ஏதோ கத்தினான். மாசிமோவைப் பார்த்தேன். மாசிமோவோ சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்கிறான்?"

"இவ்வளவு காலமும் மேடையில் அவளுக்கு இடப்பக்கம் நின்றவன் இவன்தானாம். பாட்டுக்கு நடுவில் என்னென்னவோ சொல்லியிருக்கிறானாம். ஒன்றுக்கும் அவள் திரும்பிப் பார்க்காததால், தன்னை வெறுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தானாம். போன குளிர்காலத்தில் குழுவை விட்டுப் போகவே இருந்தானாம்."

லிவியா அதைக் கேட்டு வாயில் கை வைத்தாள். ரென்சோ நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். பிறகு எழுந்து, சுற்றி நடந்துபோய் அவளுடைய வலப்பக்கம் நின்று, மெதுவாக ஏதோ சொன்னான். அதை மாசிமோ மொழிபெயர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று பின்னேரமே சிவம் அண்ணை இயந்திரத்தை ஓட்டினார். டிக் இருந்தபடியே. காது விஷயத்தை லிவியா பிறகு தானாகவே எல்லா இடங்களிலும் சொல்லிவிட்டாள். அதனால்தான் நானும் எழுதுகிறேன்.

வெளியீட்டுக்கு மாசிமோ எங்களையும் அழைத்தார். நான், ஜினெத், சிவம் அண்ணை, அவருடைய மனைவி. மண்டபம் நிறையக் கறுப்பு உடுப்புக்காரர். சிவம் அண்ணை மட்டும் கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டையோடு, கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். "என்ன இருட்டுக்குள்ளை வைச்சிருக்கிறாங்கள்," என்று மனைவி கேட்க, "இது அப்பிடித்தான், பேசாமல் கேள்," என்றார்.

அந்தப் பாட்டு வந்தது. தாள இயந்திரம் நின்றது. பேஸும் குரலும் மட்டும். ஒரே வரியை அவள் திரும்பத் திரும்பப் பாடினாள். கேட்கும் அறையில் எத்தனையோ தடவை அந்த வரியைக் கேட்டிருந்தேன், டிக் எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்காக. மூச்சு எங்கே, சத்தம் எங்கே என்று மனப்பாடமாகத் தெரியும். சொல் மட்டும் தெரியாது. பக்கத்தில் நின்ற மாசிமோவின் சட்டைக்கையை இழுத்தேன்.

"அவள் என்ன பாடுகிறாள்?"

மாசிமோ குனிந்தார். சொல்ல வாயைத் திறந்தவர் சற்று நின்று, மேடையைப் பார்த்தார். அவரும் அப்போதுதான் அதைக் கேட்டவர்போல இருந்தது.

"இந்தப் பக்கம் வந்து சொல்," என்றார். "அவ்வளவுதான். இந்தப் பக்கம் வந்து சொல், இந்தப் பக்கம் வந்து சொல்."

மேடையில் ரென்சோ இடம் மாறி, அவளுடைய வலப்பக்கத்தில் நின்று வாசித்துக்கொண்டிருந்தான்.